ஸ்ட்ராபெர்ரி டிராமிசுவுக்கு எந்த பிஸ்கட், எந்த மஸ்கார்போனே? வெரோனாக் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

டிராமிசு என்பது நனைத்த பிஸ்கட்டையும் மஸ்கார்போனே என்ற கெட்டியான கிரீம்போன்ற பால்பொருளையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு. காப்பியில் நனைத்துக் கொக்கோ தூவிய டிராமிசுவில் பொருள்களின் குறை எளிதில் வெளியே தெரிவதில்லை. பிஸ்கட்டில் முட்டை குறைவாக இருந்தாலும், மஸ்கார்போனே சற்றே மாவுபோல நாவில் ஒட்டினாலும், காப்பியின் கசப்பும் கொக்கோவின் வாசனையும் அவற்றை மூடிவிடுகின்றன. காப்பியை நீக்கிவிட்டு ஸ்ட்ராபெர்ரிச் சாற்றில் பிஸ்கட்டை நனைத்து, அடுக்குகளுக்கு நடுவே புதிய பழத்தை வைத்துச் செய்யும்போது அந்த மறைப்பு போய்விடுகிறது. பழம் மென்மையான சுவை கொண்டது. அதன் அருகில் மட்டமான பிஸ்கட் மாவாகவும், மட்டமான கிரீம் வெறும் கொழுப்பாகவும் நாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இங்கே பழத்தைவிட பிஸ்கட்டையும் மஸ்கார்போனேயையும் பற்றியே அதிகம் எழுதுகிறேன். என் தீர்ப்பு இது: இத்தாலியின் வெரோனா நகரில் எளிதாகக் கிடைப்பவற்றுள் மத்தில்தே விச்சென்சி நிறுவனத்தின் சவோயார்டி என்ற விரல்வடிவ முட்டை பிஸ்கட்டையும், கிரீம், பால், அமிலம் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் சேராத மஸ்கார்போனேயையும் வாங்கிச் செய்தால் ஸ்ட்ராபெர்ரி டிராமிசு வீட்டிலேயே சிறப்பாக வரும். இந்த இரண்டில் ஒன்றில் சமரசம் செய்தாலும் பழம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

விச்சென்சி நிறுவனம் வெரோனாவை அடுத்த சான் ஜொவான்னி லுபதோதோ என்ற ஊரில் 1905-இல் மத்தில்தே விச்சென்சி என்ற பெண்மணி தொடங்கிய சிறிய பலகாரக்கூடத்திலிருந்து வளர்ந்தது. இன்று அதன் சவோயார்டி உலகின் பல நாடுகளில் விற்பனையாகிறது. இந்தப் பகுதியில் அது மட்டும்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். வெரோனாவுக்கு வடக்கே லெசீனியா மலைப்பகுதியில் இயங்கும் போனோமி நிறுவனமும் சவோயார்டிக்குப் பெயர் பெற்றது. ஒரே மாவட்டத்தில் இந்த பிஸ்கட்டைப் பெரிய அளவில் சுடும் இரண்டு நிறுவனங்கள் இருப்பதால், இங்குள்ள கடைகளில் பிஸ்கட் அடுக்கின் முன் நின்று ஒப்பிட்டு வாங்க வசதியாக இருக்கிறது.

சவோயார்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் பின்பக்கத்தை. இத்தாலியில் எந்த பிஸ்கட்டையும் சவோயார்டி என்ற பெயரில் விற்றுவிட முடியாது. 2005 ஜூலை 22-ஆம் நாள் அமைச்சக ஆணை ஒன்று பனெத்தோனே, பந்தோரோ, கொலொம்பா, அமரெத்தி ஆகிய இத்தாலிய இனிப்புப் பலகாரங்களோடு சவோயார்டிக்கும் இலக்கணம் வகுத்தது. அதன்படி, சவோயார்டியில் ‘ஏ’ தரக் கோழிமுட்டை குறைந்தது 26 விழுக்காடு இருந்தாக வேண்டும். விரல்போன்ற அதே வடிவத்தில், அதே சர்க்கரைத் தூவலோடு, வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கும் பிஸ்கட்டுகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. வெளிநாட்டில் வாங்குபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்; முட்டையின் விழுக்காடு அச்சிடப்பட்டிருந்தால் அதை நம்பி வாங்கலாம், இல்லையென்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

முட்டைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், சவோயார்டியில் வெண்ணெயோ எண்ணெயோ கிடையாது. முட்டையை நுரைக்க அடித்து, அந்த நுரையில் மாவைச் சேர்த்துச் சுடுகிறார்கள். நுரையின் காற்றறைகள் அப்படியே உலர்ந்து நிற்பதால் பிஸ்கட் முழுவதும் நுண்துளைகளாக இருக்கும். அறைகளின் சுவர்களை முட்டையின் புரதம் தாங்கிப் பிடித்திருக்கும். நீர்மம் பட்டதும் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும், சுவர்கள் உடனே கரைந்துவிடாது. முட்டை குறைந்து மாவு மிகுந்த பிஸ்கட்டில் சுவர் தடிமனாகிவிடும். அது முதலில் உறிஞ்ச மறுக்கும், பிறகு திடீரென்று கூழாகிவிடும். காப்பி டிராமிசுவில் இந்தக் கூழ்த்தன்மையைச் சிலர் விரும்பிக்கூடச் சாப்பிடுகிறார்கள். பழச்சாற்றில் அது சகிக்க முடியாததாகிவிடுகிறது.

விச்சென்சியின் பிஸ்கட்டை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் வளையாமல் ஒடிகிறது. ஒடிந்த முகத்தில் துளைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. சாற்றில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு வினாடி வைத்து எடுத்து, உடனே குறுக்கே உடைத்துப் பாருங்கள்: அடிப்பக்கம் சிவந்து, அந்தச் சிவப்பு மேல்நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்; நடுவில் வெள்ளையாக உலர்ந்த பட்டை ஒன்று மீந்திருக்கும். அந்த உலர்ந்த பட்டை இருப்பதுதான் சரியான பதம். குளிர்பெட்டியில் இருக்கும் நேரத்தில் கிரீமிலிருந்தும் பழத்திலிருந்தும் கசியும் ஈரம் அதை நனைத்துக்கொள்ளும். பேரங்காடியொன்றின் சொந்தப் பெயரில் வந்த மலிவான விரல் பிஸ்கட்டை இதே முறையில் சோதித்தபோது மேல்தோல் வழுவழுப்பாகி உரிந்து வந்தது. உள்ளே சாறு ஏறவே இல்லை. விலை வேறுபாடு மிகப் பெரியதன்று. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்துவதில் பொருளே இல்லை.

மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பரல்கள் எல்லாச் சவோயார்டிக்கும் பொதுவானவை. ஸ்ட்ராபெர்ரிச் சாற்றுக்கு ஏற்கெனவே சர்க்கரை சேர்த்திருப்பீர்கள் என்பதால் கிரீமில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. சார்டீனியத் தீவின் சவோயார்டி என்று தனியாக ஒரு வகையும் இங்கே விற்கிறார்கள். அது அகலமாக, பஞ்சுபோன்று மென்மையாக இருக்கும். காலையில் பாலோடு சாப்பிட மிக அருமையானது. பழ டிராமிசுவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மென்மை சாற்றின் எடையைத் தாங்குவதில்லை.

இனி மஸ்கார்போனே. இது வட இத்தாலியின் லொம்பார்திப் பகுதியிலுள்ள லோதி, அப்பியாத்தெகிராசோ வட்டாரங்களில் பிறந்த பால்பொருள். கிரீமை 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, உறைந்து கெட்டியானதும் துணியில் வடியவிடுகிறார்கள். பாலைத் திரியவைக்கும் ரென்னெட் என்ற நொதியைச் சேர்ப்பதில்லை, உறையூற்றிப் புளிக்கவைப்பதும் இல்லை. விலங்கிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத் தவிர்ப்பதற்காகப் பாலாடைக்கட்டியையே ஒதுக்குபவர்கள் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். கொழுப்பு 40 விழுக்காடு அளவில் இருப்பதால் புளிப்பும் உப்பும் இல்லாத, இளம் இனிப்புகூடிய ஒரு சுவை இதற்கு உண்டு. ஸ்ட்ராபெர்ரியின் புளிப்பை எதிர்கொண்டு அணைப்பது இந்தச் சுவைதான். புளிப்பேறிய கிரீம் சீஸை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. புளிப்போடு புளிப்பைச் சேர்த்தால் பழத்தின் மணம் பின்னுக்குப் போய்விடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். நல்ல மஸ்கார்போனே மோரிலிருந்து அப்போதுதான் வழித்தெடுத்த வெண்ணெய்போலக் கரண்டியில் திரண்டு நிற்கும். சாய்த்தால் மெல்லச் சரியும், ஒழுகாது. தந்த நிறமாக இருக்க வேண்டும். வெளிறிய வெள்ளையும் சரியில்லை, மஞ்சளும் சரியில்லை. விளிம்பில் நீர் கசிந்து நின்றால் குளிர்ச்சி எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். கல்பானி நிறுவனத்தின் சாந்தா லூச்சியா மஸ்கார்போனே இத்தாலியின் எந்த ஊரிலும் கிடைக்கும். தரத்தில் ஏறுமாறு இல்லாமல் இருப்பதால் முதல்முறை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். வெரோனாவைச் சுற்றியுள்ள பால் கூட்டுறவுப் பண்ணைகளில் அன்றன்று வடித்த மஸ்கார்போனே கிடைத்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் அது இரண்டொரு நாளில் தீர்ந்துபோக வேண்டிய பொருள். கெட்டிப்படுத்துவதற்காக மாவுச்சத்தோ பசையோ சேர்த்த டப்பாக்களை மட்டும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

குளிர்ச்சியைப் பற்றிச் சொன்னது வெறும் பதத்துக்காக அன்று. மஸ்கார்போனேயில் அமிலம் மிகக் குறைவு. ஆகவே தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. 1996-இல் இத்தாலியில் கடையில் வாங்கிய மஸ்கார்போனே வழியாக போட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் பரவியது. இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். விற்பனை இடத்தில் குளிர்ச்சி விட்டுப்போனது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அதனால்தான் கடையில் மற்றச் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடைசியாக மஸ்கார்போனேயை எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளிர்பெட்டிக்குள் போவதும் அதுதான்.

முட்டைக்கு வருவோம். இத்தாலியில் விற்கும் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் கோழி வளர்ந்த முறையைச் சொல்கிறது: 0 என்றால் இயற்கை வேளாண் முறை, 1 என்றால் திறந்தவெளி, 2 என்றால் கூண்டில்லாத கொட்டகை, 3 என்றால் கூண்டு. நான் 0 அல்லது 1 பார்த்து வாங்குகிறேன். இருந்தாலும் முட்டையைப் பச்சையாகச் சேர்ப்பதில்லை. நான்கு மஞ்சள் கருவையும் 90 கிராம் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் நீர் தொடாதபடி வைத்து, கை ஓயாமல் விஸ்க்கால் அடிக்க வேண்டும். வெப்பமானி 75 டிகிரி காட்டும்போது கலவை வெளுத்து, தடித்து, விஸ்க்கைத் தூக்கினால் பட்டையாக விழும். சர்க்கரை கூட இருப்பதால் அந்த வெப்பத்தில் கரு திரிவதில்லை. சால்மொனெல்லாக் கிருமிகளும் அழிந்துவிடும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் வீட்டில் இந்தச் சில நிமிடங்களைத் தவிர்க்கவே கூடாது. பிறகு கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, விரல் வைத்தால் சூடு தெரியாத நிலை வரும்வரை ஆறவிட வேண்டும். சூட்டோடு மஸ்கார்போனேயில் ஊற்றினால் கொழுப்பு உருகிக் கலவை தண்ணீராகிவிடும்.

500 கிராம் மஸ்கார்போனேயைக் கரண்டியால் குழைத்து இளக்கிக்கொண்டு, ஆறிய கருவை மூன்று தவணையாகச் சேர்த்து மடித்துக் கலக்க வேண்டும். இங்கே மின்சார அடிப்பானைத் தொடவேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். இவ்வளவு கொழுப்புள்ள பொருளை வேகமாக அடித்தால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரண்டு, நீர் தனியே பிரிந்துவிடும். மணல்மணலாக ஆன கிரீமை மீட்பது கடினம். பழக்கூழைக் கிரீமுக்குள் கலப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நிறம் அழகாக வரும் என்பது உண்மைதான்; ஆனால் பழத்தின் நீர் கிரீமைத் தளர்த்திவிடும், வெண்மையும் சிவப்பும் தனித்தனியாக நாவில் படும் இன்பமும் போய்விடும்.

பழம் வாங்குவதில் வெரோனாக்காரர்களுக்கு ஒரு பேறு உண்டு. இங்குள்ள சமவெளியில் ஸ்ட்ராபெர்ரி வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் காய்க்கிறது. ஏப்ரல், மே மாதப் பழம் இதற்கு மிகப் பொருத்தம். காம்பு வரை சிவந்திருக்க வேண்டும். தோளில் வெள்ளை படர்ந்த பழம் பறித்த பிறகு இனிப்பதில்லை. மொத்தம் 600 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். கழுவிய பிறகே காம்பைக் கிள்ளுங்கள், முன்னரே கிள்ளினால் பழம் தண்ணீர் குடிக்கும்.

இதில் பாதியை நறுக்கி, 50 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சையின் சாறும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்து ஒளி ஊடுருவும் சிவப்புச் சாறாகத் தேங்கவைக்கும். பிஸ்கட்டை நனைப்பதற்கு உரியது இந்தச் சாறுதான். பல சமையல் குறிப்புகள் பழத்தை அப்படியே மிக்ஸியில் அரைத்து அதில் பிஸ்கட்டைத் தோய்க்கச் சொல்கின்றன. காப்பி நீரைப்போல் மெலிந்தது, அதனால் துளைகளுக்குள் எளிதாக ஏறுகிறது. பழக்கூழில் அதைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருளும் நாரும் இருப்பதால் அது பிஸ்கட்டின் மேலே பூச்சாகவே நின்றுவிடும். அரைத்தே தீர வேண்டும் என்றால், மெல்லிய வடிகட்டியில் வடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்துப் பயன்படுத்துங்கள். சாறு வடிந்த துண்டுகளை வீணாக்காமல் முதல் அடுக்கின் மேல் பரப்பிவிடலாம்.

ராஸ்பெர்ரியையும் இவ்வாறே கையாளலாம், விதையை மட்டும் வடித்துவிட வேண்டும். புளூபெர்ரி வேறு குணம் உடையது. தோல் கெட்டியாக இருப்பதால் சர்க்கரையில் ஊறவைத்தாலும் சாறு விடாது, சிறிது சூடாக்கினால்தான் விடும். கோடையில் திரெந்தினோ மலைப்பகுதியிலிருந்து இவை எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. உறைநிலைப் பழக்கலவையை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2013-இல் இத்தாலியில் உறைநிலைப் பெர்ரிக் கலவைகள் வழியாக ஹெபடைட்டிஸ் ஏ பெருமளவில் பரவியது. அப்போது நாட்டின் சுகாதார அமைச்சகம் உறைநிலைப் பெர்ரிகளை இரண்டு நிமிடமாவது கொதிக்கவைத்தே உண்ண வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆகவே அவற்றை நனைக்கும் சாற்றுக்காகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். அடுக்குக்குள் பச்சையாக வைக்காதீர்கள்.

அடுக்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 200 கிராம் பிஸ்கட் போதும். நனைத்த பக்கம் மேலே வரும்படி வைத்தால் சாறு கீழ்நோக்கி இறங்கிப் பிஸ்கட் முழுவதையும் சமமாக நனைக்கும். அதன் மேல் கிரீம், அதன் மேல் பழத்துண்டு, மீண்டும் பிஸ்கட், மீண்டும் கிரீம். மூடிக் குளிர்பெட்டியில் ஆறு மணி நேரமாவது வைக்க வேண்டும். முந்தின இரவே செய்துவிட்டால் இன்னும் நல்லது. மேற்பரப்பில் வைக்கும் பழத்தைப் பரிமாறுவதற்கு முன்புதான் நறுக்க வேண்டும். முன்கூட்டியே வைத்தால் சாறு வழிந்து வெண்மையான கிரீமில் கறையாகப் படியும். செய்த மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது சுவைக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது.

இதையெல்லாம் டிராமிசு என்று அழைக்கலாமா என்று கேட்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. இங்கிருந்து தொலைவில் இல்லாத டிரெவிசோவின் ‘லே பெக்கெரியே’ உணவகத்தில் அதன் உரிமையாளர்களில் ஒருவரான ஆல்பா தி பில்லோவும் பலகாரக் கலைஞர் ரொபெர்த்தோ லிங்குவனோத்தோவும் உருவாக்கி, 1972-இல் உணவுப் பட்டியலில் இடம்பெற்ற பண்டத்தில் மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கார்போனே, காப்பி, சவோயார்டி, கொக்கோ ஆகியவைதான் இருந்தன. மதுவோ வெள்ளைக் கருவோ கிடையாது. அண்டைப் பகுதியான பிரியூலி அந்தப் பெருமையைத் தனக்கே உரியது என்கிறது. 2017-இல் அதைத் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. அதே 2017 முதல் டிரெவிசோவில் நடக்கும் டிராமிசு உலகக் கோப்பையில் மூல முறைக்கு ஒரு பிரிவும் புதிய ஆக்கங்களுக்கு ஒரு பிரிவும் இருக்கின்றன. மூலத்தின் எலும்புக்கூடாக நிற்கும் பிஸ்கட்டையும் மஸ்கார்போனேயையும் மஞ்சள் கருவையும் மாற்றாமல், நனைக்கும் நீர்மத்தை மட்டும் மாற்றிச் செய்யும் ஸ்ட்ராபெர்ரி டிராமிசு அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையது என்பதே என் உறுதியான எண்ணம். ரோமில் போம்பி என்ற கடை பல ஆண்டுகளாக இதை விற்றுவருகிறது. காப்பி வகைக்கு நிகரான பெயர் அங்கே ஸ்ட்ராபெர்ரி வகைக்கும் உண்டு.

இந்தப் பொருள்கள் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டை சேர்க்காத வீடுகளுக்குச் சவோயார்டி பயன்படாது. அது விதிப்படியே முட்டை பிஸ்கட். அவர்கள் முட்டையில்லாத கேக்கை விரல்விரலாக வெட்டி, மெல்லிய சூட்டில் ஓவன் அடுப்பில் மொறுமொறுப்பாக உலர்த்திக்கொண்டு, மஞ்சள் கருவுக்குப் பதிலாக 200 மில்லி கிரீமை மென்பதமாக அடித்து மஸ்கார்போனேயில் மடித்துச் சேர்க்கலாம். சர்க்கரையின் அளவு மாறாது. மஸ்கார்போனே கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் ஒரு லிட்டரை 85 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் அதே சூட்டில் கிளறி, ஆறியதும் துணியில் கட்டி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வடியவிட்டால் வீட்டு மஸ்கார்போனே தயார். 500 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். கடைப்பொருளைவிட அது சற்றே இளகலாக இருக்கும் என்பதால் அடுக்கிய தட்டைக் கூடுதலாக ஓரிரு மணி நேரம் குளிரவிடுங்கள். சவோயார்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரம் ஏறி வளையத் தொடங்கிவிட்ட பிஸ்கட்டை மறுபடி டிராமிசுவுக்கு எடுக்க வேண்டாம், காலைக் காப்பியோடு தீர்த்துவிடலாம்.